நாளை மழை

எஷ் நகரத்தில், நான்காம் மாடியில்
எங்களுக்கு இரண்டு அறை.
போர்த்துகலில் ஏழு கதவுள்ள வீடு.
ஏழையும் திறந்து மூடுவது
ஆகஸ்டில் மூன்று வாரம்.

மற்ற மாதங்களில்
லக்சம்பர்க்காரர்களுக்குச் சுவர் எழுப்புகிறேன்.
அல்சீரா வங்கிகளின் தரையைத் துடைக்கிறாள்,
விடிவதற்கு முன்னால்,
பணம் விழித்துக்கொள்வதற்குள்.

நல்லதாக எது வாங்கினாலும்
அது அங்கே போகும்.
பித்தளைக் குழாய் அங்கே.
ஓக் மேசை அங்கே.
மகள் பரிசளித்த சாய்வு நாற்காலி
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அங்கே.
ஒருமுறை காரின் கூரையில் குளியல் தொட்டியைக் கட்டிக்கொண்டு
பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்தோம்.
பெட்ரோல் பங்கில் ஒருவன் கேட்டான்: "படகா?"
"ஆமாம்" என்றாள் அல்சீரா.

இங்கே
விரிசல் விட்ட கிண்ணம் போதும்.
கால் ஆடும் கட்டில் போதும்.
கொஞ்ச நாள்தானே.
கொஞ்ச நாளுக்கு இப்போது முப்பத்தொரு வயது.

நேற்று செவ்வாய்க்கிழமை.
விசேஷம் ஒன்றுமில்லை.
நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
அடுப்பில் உருளைக்கிழங்கோடு
மயிரிழையாய் நறுக்கிய கீரை கொதித்தது.
கழுவும்போது அந்தக் கிண்ணம்
ஒருவழியாக இரண்டாகிவிட்டது.
அல்சீரா துண்டுகளைப் பார்த்தாள்.
பிறகு ஸ்டூல் போட்டு ஏறி
அலமாரி உச்சியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள்.
பெட்டிமேல் என் கையெழுத்து:
அங்கே.

"அது வந்து..." என்று தொடங்கினேன்.
கத்தி ஏற்கெனவே டேப்பைக் கிழித்துப் போய்க்கொண்டிருந்தது.

நீலக் கரையிட்ட பன்னிரண்டு தட்டு.
ஒவ்வொன்றும் பழைய செய்தித்தாளில்.
அவள் இரண்டைப் பிரித்துக் கழுவினாள்.
நான் தாளை நீவி விரித்தேன், வேறென்ன செய்ய.
வானிலைப் பத்தி.
நவம்பர், தொண்ணூற்றெட்டு.
நாளை மழை. மாலையில் தெளியும்.

தெளிந்ததா?
எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.
அந்த நாளைக்குள் நான் இருந்திருக்கிறேன்.
சாப்பிட்டிருப்பேன். ஏதோ ஒரு சுவரில்
காயாத சிமெண்டைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.
அல்சீராவுக்கு அப்போது முப்பத்து நான்கு.
அந்த மாலை வெயில் அவள் கழுத்தில் விழுந்ததா என்று
யாரிடம் போய்க் கேட்பது?
நான் அந்நேரம்
அங்கே படிக்கட்டுக்கு எத்தனை கருங்கல் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

"ஆறுது" என்றாள்.

தட்டையான தட்டு. சூப்புக்கானது அல்ல.
நீலக் கரை தாண்டி மேசைக்கு வழிந்தது,
மேசையிலிருந்து என் கால்சட்டைக்கு.
சுட்டது. நன்றாகவே சுட்டது.
அவள் சிரித்தாள்,
முன்பல் இடுக்குத் தெரிய,
கையால் வாயை மூட மறந்து.
அந்த இடுக்கை அடைக்கவும்
அங்கே போனபிறகு என்று ஒரு திட்டம் இருந்தது.
வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

வெளியே மழை.
தாளில் சொன்ன மழை அல்ல.
மூன்றாம் மாடிக்காரி வானத்தை வைதுகொண்டே
துணிகளை உள்ளே இழுத்தாள்.
தட்டை இரு கையாலும் தூக்கி
விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சினேன்.
அடியில் தொத்திறைச்சி வில்லை ஒன்று
கீரைக்குள் ஒளிந்திருந்தது.

பெட்டியில் இன்னும் பத்துத் தட்டு.
பத்து வானிலை.
மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்க
வாயெடுத்தேன்.
அல்சீரா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்,
கையில் ஆவி.
ரொட்டியைக் கேட்டேன்.