நூற்று நாற்பது கிராம்

புறப்படும் முன் மூன்று இரவுகள்
அவனின் கதவிடுக்கில் மரக்கரண்டியைச் சொருகி
வெதுவெதுப்பில் உலர்த்தினேன்
கொத்திய மான்கறியையும் வெந்த மைசூர்ப் பருப்பையும்.
விடிந்து பார்த்தால்
யாரோ செருப்பிலிருந்து உதறிய சரளைபோல் கிடந்தன.
வீடெல்லாம் கறி மணம்.
கீழ்வீட்டுப் பூனை எங்கள் படியில் குடியேறிவிட்டது.

தராசில் வைத்துப் பைகளில் கட்டினேன்.
முதல் இரவு, ஆளுக்கு நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
இரண்டாம் இரவும் அதே.
காலைக் கஞ்சிக்கு ஓட்ஸ் நொய், பால்தூள், உப்பு.
எத்தனை குவளைத் தண்ணீர் என்று
ஒவ்வொரு பையின்மேலும் எழுதினேன்.
எடை குறைக்கப் பல்துலக்கியின் பிடியை
ரம்பத்தால் அறுத்தவள் நான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்;
தோளில் போடுவதை அளக்காமல் விடுவேனா?

ஃபோர்ட் வில்லியம் தாண்டி ரயில் வளைகையில்
கையுறை தேடிப் பையைத் துழாவினான் ஃபார்கர்.
உருண்டு வந்தது ஒரு வெங்காயம்.
முழுசு. தோலோடு.

"பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் அது.
மழை ஓயாத மலைக்குத்
தண்ணீர் சுமந்து வருகிறாய்" என்றேன்.
அவன் ஜன்னலுக்கு வெளியே
மான் இருப்பதுபோல் பார்த்தான்.
மான் இல்லை.
கையுறைக்குள் கால்கிலோ வெண்ணெய் இருந்தது,
அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

முதல் இரவு என் சரளை
பன்னிரண்டு நிமிடத்தில் ஊறிச் சோறாயிற்று.
சரியாக இருந்தது.
சரியாக இருந்தது என்பதற்குமேல்
அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள், ஊருக்குத் திரும்பும் வழியில்
ஆறு எழுந்து நின்றது.
போகும்போது கணுக்கால் நனைத்த ஓடை
இப்போது பாறைகளை உருட்டிக்கொண்டு
பழுப்பாய்க் கத்தியது.
ஒரு அடி வைத்தேன், முழங்கால் போயிற்று.
திரும்பினோம்.

மேய்ப்பர்கள் விட்டுப்போன கல்வீடு, பூட்டில்லை.
உள்ளே ஒருவர், ஈரச் சாக்ஸைப் பிழிந்தபடி:
இன்னஸ், கப்பல் வெல்டர்.
இரண்டு நாளாய் இதே ஆற்றுக்குக் காத்திருக்கிறார்.
உலர்திராட்சை பதினொன்று மிச்சம், எண்ணி வைத்திருந்தார்.
ஒரு முழு கேஸ் உருளையும் இருந்தது.
எங்கள் உருளை காலையிலேயே
பெருமூச்சு விட்டு ஓய்ந்திருந்தது.

நான் பைகளைத் தரையில் பரப்பினேன்.
வரவும் செலவும் பிசகாத கணக்கு:
மூன்று நாளுக்கு மூன்று நாள்.
நாலாவது நாளுக்குப் பூஜ்யம்.
மூலையில் நாலு பிடி நொய்.

ஃபார்கர் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் மட்டும் ஏதாவது சொல்லியிருந்தால்
அன்றே பிரிந்திருப்போம்.
கத்தியை எடுத்து,
ஈரமில்லாத ஒரே இடமான கதவு மூலையில் குந்தி,
வெங்காயத்தை அரிந்தான்.
மூவருக்கும் கண் கலங்கியது,
யாரும் காரணம் தேடவில்லை.

வெண்ணெய் உருகி நுரைத்தது.
வெங்காயம் பொன்னாகி ஓரம் கருகுகையில்
நொய்யைக் கொட்டிக் கிளறினான்.
கீச்சென்று ஒரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்குத்தான் இதன் பெயரே ஸ்கர்லி
என்றார் இன்னஸ், வாயைத் துடைத்தபடி,
இன்னும் சாப்பிடாமலே.

தட்டு இல்லை. ஒரே சட்டி, மூன்று கரண்டி.
நடுவில் கோடு கிழிக்கவில்லை,
ஆனாலும் கோடு இருந்தது.
அடிப்பிடித்ததை யார் சுரண்டுவது என்பதில்
சற்று மௌனம்.
இன்னஸின் கேஸ், அதனால் இன்னஸ்.
பதினொரு திராட்சையை அவர் பங்கிட்டார்:
நாலு, நாலு, மூன்று.
மூன்று அவருக்கு.

விடியலில் ஆறு கணுக்காலுக்கு இறங்கி
ஒன்றும் நடவாததுபோல் ஓடியது.

என் தூக்கப்பையில் இன்னும் வெங்காய வாசம்,
இரண்டு முறை துவைத்தும்.
வீட்டுக்கு வந்ததும் அதேபோல் ஒன்றைத்
தேடியெடுத்துத் தராசில் வைத்தேன்.
அடுத்த பயணத்தின் பட்டியலில் எழுதினேன்:
வெங்காயம் ஒன்று. நூற்று நாற்பது கிராம்.

வெண்ணெயை இன்னும் எழுதவில்லை.
அவன் கேட்கட்டும்.