தட்டினாரு

சுங்கை சிப்புட் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்
எனக்கு நாற்காலி கிடையாது.
சாட்சிக் கூண்டுக்கும் மேசைக்கும் நடுவே
நிற்பதுதான் உத்தியோகம்.
காதில் தமிழ் நுழையும்
வாயில் மலாய் வெளியேறும்
இடையில் ஆள் இல்லாதது போல் இருக்க வேண்டும்.

இன்று காலை கூண்டில் அஞ்சலாதேவி.
செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்,
நகக்கண்ணில் இன்னும் அந்த ஆரஞ்சுக் கறை.
எதிரே அவள் கணவன் பரமசிவம்.
அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டதும் அவள்தான் என்று
கை மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது?
“லேசா தட்டினாரு மேடம்.”

கதவைத் தட்டலாம்.
அடை தட்டலாம்.
பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கலாம்.
பரீட்சையில் பாஸானவன் முதுகில் தட்டலாம்.
தெப்போக் என்று நான் சொல்லிவிட்டால்
மாஜிஸ்திரேட் தலையசைத்துக் கோப்பை மூடிவிடுவார்.

இடது காதுக்குப் பின்னால் ஆறு தையல்.
மருத்துவ அறிக்கையில் வினைச்சொல் இல்லை,
நீளம் மட்டும் இருந்தது:
மூன்று சென்டிமீட்டர்.

மறுபடி கேட்டேன்.
“கை நீட்டிட்டாரு.” தரையைப் பார்த்தபடி.
மலாயில் கை நீட்டுவது உதவிக்கு.
வெள்ளத்துக்கு நீட்டுவார்கள்,
தேர்தலுக்கும் நீட்டுவார்கள்.
“கை ஓங்கிட்டாரு.”
அங்கே கையைத் தூக்கினால் சரணாகதி,
இல்லையென்றால் கழிவறைக்குப் போக
வாத்தியாரிடம் அனுமதி.

நாலாம் ஆண்டில் ஒரு பயிற்சி வரும்:
ஒரே பொருள் தரும் சொற்களைக் கோடிட்டு இணைத்திடுக.
அடிக்கோல் வைத்து இழுப்பேன், முழுப்புள்ளி.
அதே அடிக்கோல் பின்னிருக்கைப் பையன்களின்
முட்டியில் வேறு வேலை பார்க்கும்.
அடித்தான், அறைந்தான்,
மொத்தினான், சாத்தினான்,
வெளுத்தான், பின்னி எடுத்தான்:
இந்த ஒன்றில் நமக்குப் பஞ்சமே வந்ததில்லை.
துணி துவைக்கிற இடத்தில் ஒன்று,
பாய் முடைகிற இடத்தில் ஒன்று,
கதவை மூடுகிற சத்தத்தில் ஒன்று என்று
வீட்டு வேலையிலிருந்தே எடுத்து வைத்திருக்கிறோம்.
பூசை கொடுத்தான் என்றும் உண்டு,
சாமியைக்கூட விடவில்லை.

கடைசியில் சொன்னேன்: நாயேக் தாங்ஙான்.
கை ஏறியது.
அவ்வளவுதான், எங்கே இறங்கியது என்று
மலாயில் யாரும் கேட்பதில்லை.
பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு ஜோடி
அளவெடுத்த மாதிரி பொருந்தி நான் பார்த்ததில்லை.
எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.
அதை இங்கே எழுதாமல் விடலாம்தான்.

வக்கீல் எழுந்தார். பலமாகவா?

அவள் யோசித்தாள்.
வெளியே பழைய பேப்பர் லோரி
ஒலிபெருக்கியோடு தெருவைச் சுற்றிப் போனது.
அது திரும்பி வரும்வரை யோசித்தாள்.

“எப்பவும் போலத்தான்.”

மச்சாம் பியாசா.
யோசிக்கும் முன் வாயிலிருந்து போய்விட்டது.
இரண்டு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை,
இந்த நாட்டில் எல்லா மொழியிலும்
தயாராக இருக்கிறது போலும்.
மூலையில் பதிவு செய்யும் பெண்
தட்டுவதை நிறுத்தினாள்.
மாஜிஸ்திரேட் பேனா மூடியைக் கழற்றி
எதுவும் எழுதாமல் திரும்பப் போட்டார்.

வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள்.

மத்தியானம் பசார் பக்கம் சோறு கட்டப் போனேன்.
சீனன் இரும்புக்கடை வாசலில் அவர்கள் இருவரும்.
வந்தது ஒரே மோட்டாரில்,
போவதும் அதில்தான்.
மழை தூறத் தொடங்கியிருந்தது.
அவன் அவள் தலையில் ஹெல்மெட்டை வைத்து
வாரை இறுக்கினான்,
சரியாக உட்கார்ந்ததா என்று மேலே
லேசாகத் தட்டினான்.

இதற்குத் தெப்போக் தான் சரி.
யார் கேட்டாலும் சத்தியம் செய்வேன்.

அவள் தோள்கள் இரண்டும்
காது வரைக்கும் ஏறி
அங்கேயே நின்றன.