பால்சா, இரண்டு மில்லி

தோல் இரண்டு மில்லிக்கு மேல் போகக் கூடாது.
குண்டு பட்டால் துளை விழ வேண்டும்.
விழாத கப்பலுக்குக் குளத்தில் இடமில்லை.
எங்கள் விளையாட்டின் முதல் சட்டம் இது.

நான் பல் செய்கிறவன்.
செட்டிக்குளம் சந்திப்பில் மாடி லேப்.
பகலெல்லாம் யார் யாருடைய கடைவாய்க்கோ
உடையாத மூடி.
ராத்திரி அதே மோட்டாரில், அதே ஊசியில்
உடைவதற்கென்றே ஒரு கப்பல்.

இத்தாலிக்காரன் குரூசர். நாலடி இரண்டு அங்குலம்.
நூற்று நாற்பத்து நாலில் ஒன்றாகச் சுருக்கினால்
உள்ளே இருந்த எண்ணூறு பேர் எங்கே போவார்கள்
என்று கேட்டாள், மெழுகு வார்க்கிற ரெக்ஸ்லின்.
அவர்கள் இடத்தில் பேட்டரி,
சுண்டுவிரல் தடிமனில் ஒரு பம்ப்,
மார்த்தாண்டம் சோடாக் கம்பெனியில் நிரப்பிய கேஸ் குப்பி.
பீரங்கி நாலு. ஒவ்வொன்றுக்கும்
ஐம்பது சைக்கிள் குண்டு.

ஐந்து மாதம்.
விலா பிளைவுட்டில். அதன்மேல் பால்சா.
அதன்மேல் பட்டத் தாள். அதன்மேல்
வார்னிஷ் ஒரு பூச்சு.
இரண்டாவது பூச்சுக்குக் கை தானாகப் போனது;
இழுத்துக்கொண்டேன்.
பெர்க்மான்ஸ் நகத்தால் சுண்டியே கண்டுபிடிப்பான்:
“வோய் பல்லு, இது கப்பலா, சிரட்டையா?”

அவன் குறும்பனை. அவுட்போர்டு எஞ்சின் பிரிக்கிற கை.
அவனுடையது ஜெர்மன்காரன்;
வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் என்பதால்
உலகத்திலேயே நீலமான ஜெர்மன்காரன்.

ஆளூர்ப் பக்கம் ஒரு குளம்.
தாமரைக் குத்தகைக்காரர் ஞாயிறு ஒன்பது மணிவரை
தெற்குக் கரையைத் தருவார்.
லாரி டியூபில் மிதந்து பூப்பறிக்கிறவர்கள்
பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பெரிய சத்தம் ஒன்றும் கிடையாது.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் வருமே,
அது.
பத்தாவது நிமிடம் நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்று.
என் புகைபோக்கி தண்ணீர் துப்பத் தொடங்கியது.
எதிரி எப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.
துப்புகிறவரை பயமில்லை.
துப்பல் மெலிந்தது, விக்கியது,
நின்றது.
(பிறகு பிரித்தபோது பம்ப் வாயில்
ஒரு தாமரை நார். குண்டு தோற்கடிக்கவில்லை என்னை.)

பின்பக்கம் முதலில்.
நான் ஸ்டிக்கை முழுக்க முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தேன்,
கரைக்கு, கரைக்கு,
கப்பல் போன பிறகும்.

இரண்டாவது சட்டம்:
முங்கினால் மேலே வர
ஒவ்வொரு கப்பலிலும் ஒரு மிதவை, பத்தடி நூல்.
என்னுடையது ஆரஞ்சு நிற மருந்து டப்பா.
பொத்தென்று மேலே வந்து ஆடியது.

தோற்றவன்தான் இறங்கி எடுக்க வேண்டும்.
நான் செருப்பைக் கழற்றுவதற்குள்
பெர்க்மான்ஸ் இடுப்பளவு தண்ணீரில் இருந்தான்.
டப்பாவைப் பிடித்தான்.
நூலை இழுக்கவில்லை.
விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

“கெடக்குத எடம் தெரியுது, பாத்தியா” என்றான்.

புயலடித்த அந்த நவம்பருக்குப் பிறகு
அவன் வீட்டில் ஒரு பெயரைச் சொல்வதில்லை.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.
“இழுடே, சேறு குடிக்கும்” என்றேன்.
இழுத்தான்.

ரெக்ஸ்லின் துளைகளை எண்ணினாள்.
முப்பத்தொன்று, அதில் கீழே ஏழு.
எட்டு என்றான் அவன். ஒன்று பழைய ஆணித்துளை
என்றேன் நான். ஒன்பதரை ஆகிவிட்டது,
குத்தகைக்காரர் கரையில் வந்து நின்றார்,
அப்போதும் அது தீரவில்லை.

பைக்கின் பின்னால் குறுக்காகக் கட்டிக் கொண்டுவந்தேன்.
சுங்கான்கடை வரை சொட்டியது.
குண்டு ஒன்று உள்ளேயே தங்கியிருக்க வேண்டும்.
பார்வதிபுரம் மேம்பாலம் ஏறும்போது
விலா விலாவாகத் தட்டிக்கொண்டு ஒரு பக்கம் உருண்டது,
இறங்கும்போது
மறுபக்கம்.