விழுவதற்கான வகுப்பு

சா டெக் ஊரில் ஐஸ்கட்டி விற்பவள் நான்.
ரம்பத்தின் இருபுறமும் வெள்ளைத் தூள் பறக்கும்,
விடியுமுன்னே விரல் மரத்துவிடும்.

செவ்வாயும் வெள்ளியும்
பள்ளிக்கூட மைதானத்தில் நீலச் சட்டை.
வொவினாம்.
மல்யுத்தம் பாதி, குத்துச்சண்டை கொஞ்சம்,
மீதி எங்கிருந்து வந்ததோ.
ஆற்றுமீன் சூப்பு மாதிரி,
கலந்தபின் கேட்கக் கூடாது.

நாற்பத்துமூன்று வயதில்
யாரை அடிக்கப் போகிறாய் என்றான் கணவன்.
சொல்லத் தெரியவில்லை.
பறந்துபோய்க் கத்தரிக்கோலாய்க் கால்களை
எதிராளி கழுத்தில் பூட்டுகிற வித்தை
ஒரேமுறை வாய்த்தது,
அதுவும் வேறு ஆள் கழுத்தில்.

மூன்று மாதம் விழத்தான் விட்டார்கள்.
முன்னால் விழு. பின்னால் விழு.
தாடையை நெஞ்சோடு ஒட்டு.
கையை நீட்டித் தரையைத் தேடாதே,
அது எங்கேயும் போகாது.
லாட்டரிச்சீட்டு விற்கும் ஙியெம்
விழும்போதெல்லாம் சிரிப்பான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
இடுப்பு வலித்தது.

நேற்று மழை. படகுத்துறைப் பாலம்.
வண்டி ஒருபக்கம், ஐஸ் ஒருபக்கம்,
நான்
உருண்டிருக்கிறேன் போலும்.
எழுந்து நின்றபிறகுதான் பார்த்தேன்,
தாடை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது.

ஒரு மூட்டை ஆற்றில் மிதந்து போயிற்று.
என்னவோ தோன்றி, வகுப்பில் செய்வதுபோல்
வலக்கையை இதயத்தின்மேல் வைத்துக்
குனிந்து வணங்கினேன்,
ஐஸுக்கா ஆற்றுக்கா தெரியாது.

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவன்
இறங்கி வந்து
துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.