வெற்றுத் தட்டில் ஏழு

கடலூர் துறைமுகத்தில் ஐந்தரைக்கு வாங்கிய கவலை,
கூறு நூறு ரூபாய், பில் கிடையாது
(ஆபீஸில் அதற்கொரு தனிச் சண்டை).
மஞ்சக்குப்பம் வந்து சேர்வதற்குள்
ஐஸில் பாதி பஸ்ஸின் தரையில்.

இருபது கவலை. வயிற்றைக் கீறி
குடலை மட்டும் எடுத்து
காரக் கரைசலில் இரண்டு நாள்.
சதை கரைந்துவிடும். கொழுப்பு கரைந்துவிடும்.
கரையாததை எண்ணுவது என் வேலை,
தினக்கூலி, ஞாயிறு சம்பளமில்லை.

லென்ஸுக்குக் கீழே நீல இழை ஒன்று,
யாரோ கையெழுத்துப் போட ஆரம்பித்து
பாதியில் எழுந்து போய்விட்டதுபோல்.
ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் கிட்டே கொண்டுபோனேன்.
பருத்தியானால் கருகும்.
இது கூசி, சுருண்டு, உருகி, ஒரு மணியாயிற்று.

அன்றைக்குப் பன்னிரண்டு.

பக்கத்திலேயே ஒரு வெற்றுத் தட்டு வைப்போம்,
மீன் இல்லாமல், வடிகட்டிய தண்ணீர் மட்டும்.
அறையின் காற்று என்ன போடுகிறதென்று பார்க்க.
அதில் ஏழு.
அதே நீலம்.

ரோஸ்லின் மேடம் தலையைத் தூக்கி
என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்,
கழுத்தோரம் எட்டிப் பார்த்த டி-ஷர்ட்டைப் பார்த்தார்.
"என்னத்தப் போட்டுக்கிட்டு வந்திருக்கே நீ?"

தேவனாம்பட்டினத்தில் கரை சுத்தம் செய்த அன்று
இலவசமாகக் கொடுத்தது. முதுகில் எழுதியிருக்கும்:
'நான் ஒன்பது பாட்டிலாக இருந்தேன்.'

பொய்யில்லை.
ஒன்பதும் உப்பனாற்றில் மிதக்கவில்லை.
ஒன்பதுக்கும் புதிதாக எண்ணெய் எடுக்கவில்லை,
புகையும் கொஞ்சம் குறைவு என்கிறார்கள்.
அஞ்சலாட்சிக்குக் கிலோவுக்கு இருபத்திரண்டு கிடைத்தது,
மூடி கழற்றி, லேபிள் கிழித்து, மண் உதறி.

"இதுலயா சட்டை? குத்தாதா?" என்று கேட்டவள்தான்.
தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.
கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத் தொட்டாள்.
"மெத்துனு இருக்கு."
கடையில் என்ன விலையாம் என்றாள்.
சொன்னேன்.
சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம், சில தடவையாவது.
சட்டையானால் பெரும்பாலும் அதோடு சரி.
சாயம் ஏறிவிட்டது, ரப்பர் நூல் கலந்துவிட்டது,
எங்கள் பக்கத்துக் காயலான் கடைக்காரர்
கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை.
சரி, நூலின் தாய் பாட்டில்,
பாட்டிலின் தாய் எங்கோ பாலையில் ஒரு கிணறு.
துவைக்கத் துவைக்க
பிள்ளை தாய்வீட்டுக்குப் போகாமல்
கடலுக்குப் போகிறது.

பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து.
ரிப்போர்ட்டில் ஐந்து என்று எழுதினேன்.
மீனின் கணக்கிலிருந்து என்னைக் கழித்தாயிற்று.
தாளில் கழிக்க முடிகிறது.

புதுப்பாளையத்தில், வீட்டில்,
மெஷினில் போடுவதை விட்டுவிட்டேன்.
பச்சைத் தண்ணீர், வாளி, அதிகம் கசக்காமல்.
அழுக்குத் தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டினால்
பூனை முடிபோல் கொஞ்சம் நீலம் நிற்கிறது.
எல்லாம் நிற்காது, தெரியும். என் லென்ஸுக்கும் தெரியும்.

நின்றதை என்ன செய்ய?
சாக்கடையில் போட்டால் எங்கே போகுமோ
அங்கிருந்துதான் காலையில் மீன் வாங்கி வந்தேன்.
எரித்தால் நாற்றம், மாடியில் குழந்தை இருக்கிறது.
டி-ஷர்ட்டைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை.
எறிந்தால் மட்டும் அது எங்கே போய்விடும்?

காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றில் திணித்து
மூடியை இறுக்கி
ஜன்னலோரம் வைத்தேன். மூன்று மாதத்தில்
அடியில் ஒரு விரல் உயரம்.

வெள்ளிக்கிழமை அஞ்சலாட்சி வந்தாள்.
மற்ற பாட்டில்களைச் சாக்கில் போட்டாள்.
இதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
காதோரம் ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு
என்னிடமே திருப்பி நீட்டினாள்.
"உள்ள என்னமோ கெடக்கு.
இத எடுக்க மாட்டாங்க."