புதன்கிழமைக் குறிப்பு

வில்னியஸில் பனி இளகத் தொடங்கிய மாதம்.
கதவுக்கு வெளியே தகரப் பெட்டிகளில்
கைபேசிகளைப் பூட்டிவிட்டு
மூன்று நிறுவனங்கள் உள்ளே வருகின்றன.
உள்நாடு, வெளிநாடு, ராணுவம்.
ஒரே அரசின் சம்பளம்,
மூன்று நிறத்தில் கோப்புகள்.

மேசையின் ஓரத்தில் ஔஷ்ரினே,
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
அவளுக்குக் காது உண்டு, விரல் உண்டு.
அந்த அறையில் வாய் கிடையாது.

கின்டாவுதஸ் சொல்கிறார்:
துறைமுகத்தில் ஒருவன், கிரேன்களைப் படம் எடுக்கிறான்.
யார் சொன்னது என்கிறாள் வாய்வா.
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதால்
கொஞ்ச நேரம் எல்லோரும் காப்பி குடிக்கிறார்கள்.
வாய்வாவிடம் வேறொருவன்: எல்லை தாண்டி வரும் பணம்,
மாதம் இருமுறை, சில்லறை பிசகாமல்.
மேஜரிடம் இன்னொருவன்.
நாயோடு நடக்கப் போகிறவன்.
வேலிக்கு அந்தப் பக்கம் ரேடார் நிற்கிற இடத்தில் மட்டும்
நாய்க்குத் தவறாமல் கால் வலிக்கிறது.

பகிரலாம் என்கிறது சட்டம்.
பிறகு பார்க்கலாம் என்கின்றன முகங்கள்.
பரீட்சைத் தாளை மறைக்கிற பிள்ளைகள் போல
முழங்கையை வளைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரவு எட்டு மணிக்குத் தட்டச்சு செய்கையில்தான்
அவள் விரல் நின்றது.
ரஷ்ய எழுத்திலிருந்து ஒரு பெயர்
மூன்று அலுவலகங்களில் மூன்று விதமாக இறங்கியிருக்கிறது.
ஷெவெல்யோவ்.
ஷெவெலியோவஸ்.
செவெலெவ்.
கணினிக்கு மூன்று மனிதர்கள்.
ஒரு வருடமாக ஒருவன் பின்னால் மூன்று கார்கள்,
ஒன்றையொன்று சந்தேகித்தபடி.

சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.
திருத்த உண்டு.
மூன்று இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் போட்டு
அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தாள்.

அடுத்த புதன்
மூன்று கோப்புகளும் முதல் தடவையாக
ஒரே ஆளிடம் திறந்தன.
மேஜர் சிரிப்பை இருமலாக்கினார்.
"அந்தச் சாம்பல் நிற ஸ்கோடா உங்களுடையதா?"
வாய்வா கேட்டாள்.
கின்டாவுதஸ் பதில் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்தது.
அதைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று யோசித்து
ஔஷ்ரினே விட்டுவிட்டாள்.

திரும்பி வந்த பிரதியின் அடியில்
யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்:
சென்ற வாரத் தட்டச்சில் பெயர்கள் மாறியுள்ளன. கவனம்.

தகரப் பெட்டியைத் திறந்தால்
மகனிடமிருந்து நான்கு அழைப்புகள்.
டிராலி பஸ்ஸில் நின்றபடி கூப்பிடுகிறாள்.
பாலத்துக்குக் கீழே நெரிஸ் ஆற்றில்
பனிப்பாளங்கள் இடித்துக்கொண்டே போகின்றன.
"இன்றைக்கு ஆபீஸில் என்ன அம்மா?"
"ஒன்றுமில்லை.
சூப்பைச் சூடாக்கு. வந்துவிடுகிறேன்."