எட்டாவது சீட்டு

நள்ளிரவு தாண்டி
வடக்கே எங்கோ ஒரு மேடையில் உறை கிழிந்தது.
மொந்தேவிதேயோ துறைமுகத்துக்குப் பின் தெருவில்
யமந்தூவின் மதுக்கடையில்
ஏழு பேரும் சேர்ந்து வைதோம்.

"விலை போயிட்டாங்க" என்றார் வாஷிங்டன்.
இந்த ஊரில் அப்படியும் பெயர் வைப்பார்கள்.
மனிதர் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குக்கூடப் போனதில்லை.

நெலிடா பல் மருத்துவர்.
"அழுததுக்கா பரிசு?
என் நாற்காலியில் தினம் ஆறு பேர் அழறாங்க,
பின்னணி இசை இல்லாமலே."

"இருபது கிலோ இளைச்சதுக்குத்தான் கொடுத்தாங்க" என்றான்
பேருந்து ஓட்டும் உலிசெஸ்.
"நீ படம் பார்த்தியா?" மிர்த்தா கேட்டாள்.
"பாதி."
"அப்ப பாதி வாயை மூடு."

அவர்கள் முடித்த பிறகுதான் நாங்கள் தொடங்குவோம்.
பதினோரு வருட வழக்கம் இது.
குளிர்பெட்டிக்கு மேலே சட்டமிட்ட கைத்துடைப்புத் தாளில்
எங்கள் விதிகள் மூன்று:
காசுக்கு மசியாதே.
கண்ணீருக்கு மயங்காதே.
பார்க்காத படத்துக்குப் போடாதே.

பரிசு ஒரு வெந்நீர்க் குடுவை, இடுப்பில் நசுங்கியது.
வென்றவர் பெயரை வெள்ளை நாடாவில் எழுதி
போன வருடப் பெயர்மேல் ஒட்டுவோம்.
பதினோரு வருடத்தில் ஒருவரும் அதை வாங்க வரவில்லை.
சொல்லி அனுப்பினால்தானே வருவார்கள்.

பேருந்துச் சீட்டின் முதுகில் ஒரு பெயர்;
மடித்து, மாத்தே குடிக்கும் சுரைக்குடுக்கையில் போட வேண்டும்.
எங்கள் குடவோலை அவ்வளவுதான்.

என் பெயர் எவுலோஹியா பாயெஸ்.
அதாவது, நான் எழுதிய பெயர்.
பராகுவே படம். இங்கே நான்கு நாள் ஓடியது.
புதன்கிழமை அரங்கில் மூன்று பேர்,
ஒருவர் உறக்கத்தில்.
படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவளாக வருகிறாள்.
திரும்பி வரப்போவதில்லை என்று முகத்தில் எழுதிய ஒருவனுக்கு
சில்லறை எண்ணித் தருகிறாள்.
எண்ணி முடித்த கை நிற்கிறது.
பிறகு ஒரு காசை
கூடுதலாக அவன் பக்கம் தள்ளுகிறது.
அவ்வளவுதான்.
வசனம் கிடையாது.
விரல் மட்டும்.
அன்றிரவு நடந்தே வீட்டுக்குப் போனேன்,
பையில் பேருந்துக்குக் காசு இருந்தும்.

நெலிடா குடுக்கையைக் கவிழ்த்தாள்.
எவுலோஹியாவுக்கு மூன்று.
இரண்டு பேருக்கு இரண்டிரண்டு.
இன்னொருத்திக்கு ஒன்று.
கைதட்டத் தூக்கிய கையை வில்மார் இறக்கினான்.
"மொத்தம் எட்டு வருதே."

குளிர்பெட்டி உறுமுவது அப்போதுதான் கேட்டது.

"அங்க மேடை போட்டுத் திருடறாங்க" என்றார் வாஷிங்டன்,
"நாம ஒரு சுரைக்காய்க்குள்ள."
யமந்தூ இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்:
கடைக்காரன் ஓட்டுப் போடுவதில்லை.
மறுபடி போடலாம் என்றாள் நெலிடா.
ஐந்து மணிக்கு வண்டி எடுக்கணும் என்றான் உலிசெஸ்.
"வழி தப்பா இருக்கலாம், ஆள் சரியான ஆள்" என்றாள் மிர்த்தா.
"நீ படம் பார்த்தியா?"
"இல்ல."
யாரோ சிரித்தோம். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றை இரண்டாக்கினால்
மூன்று பேர் சமநிலை; விடிந்தாலும் தீராது.
அலுத்துப்போய் சரி என்றார்கள்.
நீதி பெரும்பாலும் அப்படித்தான் வீடு திரும்புகிறது,
கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில்.

நாடாவையும் பேனாவையும் யமந்தூ என்னிடம் நீட்டினான்.
பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுதுகிறவன் நான்,
எழுத்து அழகாக இருக்குமாம்.
எழுதினேன்.
முதல் எழுத்தின் வாலை, பழக்கதோஷம்,
சுழித்துவிட்டேன்.

அவன் நாடாவைப் பார்த்தான்.
மேசையில் கிடந்த மூன்று சீட்டுகளைப் பார்த்தான்.
அதில் இரண்டின் மீது
ஈரக் கோப்பை ஒன்றை எடுத்து வைத்தான்.
மை கலங்கிப் பரவியது.
குடுவையை அலமாரியில் ஏற்றிவிட்டு
மேசை துடைக்கப் போனான்.

கடைசிச் சுற்று என் செலவு.
குடித்தது ஏழு பீர்.
கணக்கில் எட்டு என்று எழுதியிருந்தான்.

எண்ணிக் கொடுத்தேன்.